கழுத்தைத் தொடுமுன் உறக்கத்தைக் கேட்டார்

"உறக்கம் எப்படி மக்கா?"

கழுத்துப் பிடிப்போடு கொட்டாரத்து வர்ம ஆசான் ஒருவரிடம் போயிருந்தேன். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தவர் முதலில் கேட்டது இதைத்தான். வேலை நெருக்கடி, மூன்று வாரமாகச் சரியாக உறங்கவில்லை என்றேன். "அப்போ கழுத்து என்ன செய்யும், பாவம்!" என்றபடி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார்.

அந்தப் பரிதாபத்தில் ஒரு உடலியல் பாடமே இருக்கிறது. பயமோ பதற்றமோ வந்தால் பரிவு நரம்புகள் விழித்துக்கொள்ளும். முதுகுத்தண்டின் மார்புப் பகுதியிலும் மேல் இடுப்பிலும் இருந்து கிளம்புபவை அவை. இதயம் விரையும், மூச்சு மேலோட்டமாகும், தோளும் கழுத்தும் விறைக்கும். ஆபத்து விலகியதும் அடங்க வேண்டும். ஆனால் மாதத் தவணையும் அலுவலக நெருக்கடியும் என்றைக்கு விலகுகின்றன? அடக்கும் வேலை எதிர்ப்பரிவு நரம்புகளுடையது. அவற்றில் முதன்மையான வேகஸ், மூளைத்தண்டில் தொடங்கி இதயம், நுரையீரல், குடல் வரை இறங்குகிறது. மூச்சை நீளமாக விடும்போது துடிப்பு தணிவது இதன் வழியாகத்தான். இந்த உட்சமநிலைக்கு 1926-இல் ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயரிட்டவர் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன்.

உடலின் சமநிலையைக் கையால் சீராக்கலாம் என்று நம்பிய இன்னொரு அமெரிக்கர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864-இல் மூளைக்காய்ச்சலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மருத்துவர் அவர். அன்றைய மருந்துகளில் நம்பிக்கை இழந்து, 1874-இல் ஆஸ்டியோபதியை அறிவித்தார்.

கொட்டாரம் இருக்கும் நாஞ்சில் நாட்டிலோ, அடிமுறை என்னும் தற்காப்புக் கலையும் வைத்தியமும் ஒரே ஆசானின் கையில் வளர்ந்தவை. வர்மங்கள் என்னும் உயிர்நிலைப் புள்ளிகள் 108, அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பது மரபுக் கணக்கு. அடிபட்டு மயங்கியவரை மீட்க அடங்கல்களும் தடவுமுறைகளும் உண்டு. வர்மப் புள்ளியெல்லாம் நரம்பு முடிச்சுதான் என்று அடித்துச் சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். அதற்கு இன்னும் ஆய்வு வேண்டும். அந்த ஆய்வு நடக்க வேண்டும் என்பதே என் ஆசை. ஏடுகளில் பாதியும் கையில் பாதியுமாக இருக்கும் அறிவு இது. கை போனால் ஏடு மட்டும் பேசாது.

பிடரியிலிருந்து தோள்வரை ஆசானின் பெருவிரல் இறங்கிய வேகம் எனக்கு நினைவிருக்கிறது. அவ்வளவு நிதானம். நம் தோலில் மெதுவான வருடலுக்கென்றே விழிக்கும் நுண்ணிய நரம்பிழைகள் உண்டு. விநாடிக்குச் சில சென்டிமீட்டர் என்ற வேகம்தான் அவற்றுக்கு உகந்தது. வேகமாகத் தேய்த்தால் அவை அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. "மூச்சை விடு... இன்னும் விடு" என்றார். விட்டேன். தோள் தானாக இறங்கியது. அன்றிரவு உறங்கினேன். வலி முழுதாகப் போக இன்னும் பத்து நாள் ஆனது.

நான் சட்டை போடும்போது பைக்கிலிருந்து விழுந்த பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். கழுத்து வலி, வலது கை மரத்திருக்கிறது என்றான். ஆசான் எண்ணெயைத் தொடவில்லை.

"கை மரத்தா நான் தொடமாட்டேன் பிள்ளே. அசையாம பிடிச்சு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. முதல்ல படம் எடுக்கட்டும்."

சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலையைத் தன் இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.