மௌனத்தை உரக்கப் பேசவைக்காதீர்கள்

சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும் ஊர் திருவனந்தபுரம். இங்கே வீட்டு ஹார்ட் டிஸ்கில் படங்களைச் சேர்ப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கு ஒரு தொல்லை: ஒரு படம் முணுமுணுக்கிறது, அடுத்தது அலறுகிறது. ரிமோட்டைக் கீழே வைக்க முடிவதில்லை.

எல்லாப் படங்களின் உச்ச ஒலியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது வீண் வேலை. ஒரேயொரு துப்பாக்கி வெடி உச்சத்தைத் தொட்டுவிடும். வசனமோ அடங்கியே கிடக்கும். காதுக்கு முக்கியம் சராசரி உரப்பு. இதை அளக்க சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் 2006இல் ஒரு முறையை வகுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010இல் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ் என்று இலக்கு வைத்தார்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இதை வீட்டிலேயே அளந்துவிடும்.

ஆபத்து வேறிடத்தில். ஒரே ஓட்டத்தில் வேலையை முடிக்கச் சொன்னால் மென்பொருள் படத்துக்குள்ளேயும் ஒலியை ஏற்றி இறக்கும். அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ படத்துக்கு இதைச் செய்வது அநியாயம். 1981ஆம் ஆண்டுக்கான சிறந்த ஒலிப்பதிவு தேசிய விருது பெற்ற படம் அது. அதன் மௌனத்தைத் தூக்கிவிட்டால் பழைய பிரிண்டின் இரைச்சல்தான் கேட்கும். முதலில் அளந்துவிட்டு, படம் முழுவதையும் ஒரே அளவு மாற்றுவதே முறை. ஏற்றினால் உச்ச ஒலி கரகரக்கலாம். எனவே உரத்த படங்களை இறக்குவது மேல். குறைந்ததை டிவி வால்யூமில் கூட்டிக்கொள்ளலாம்.