தனுஷ்கோடியில் ஒரு பக்கம் மட்டும் அலை அடங்குவது ஏன்?

ஆடியில் திருவிடைமருதூர் வாழைத்தோட்டங்களில் இலையைக் கிழிக்கிற அதே பருவக்காற்றை நம்பித்தான் ராமேசுவரம் தீவில் கைட் சர்ஃபிங் நடக்கிறது. பலகையில் நின்றபடி, பெரிய பட்டத்தின் இழுவையில் கடல்மீது சறுக்கும் விளையாட்டு இது.

காற்று பலமாக வீசியும் வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் தண்ணீர் தட்டையாகக் கிடக்கிறதே, எப்படி? அலை வளர, காற்று நீர்மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். மன்னார் வளைகுடாவில் அப்படி வளர்ந்து வரும் அலையைத் தனுஷ்கோடியின் ஒடுங்கிய மணல்திட்டு மறித்துவிடுகிறது. தாழ்ந்த வெறும் மணல் என்பதால், காற்று மட்டும் தடங்கலின்றிக் கடந்துபோகிறது. மார்கழி, தையில் வாடைக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழ்.

ஆபத்தும் இங்கேதான். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, கயிறு அறுந்தால் ஆளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். காற்றின் வேகம் 2 மடங்கானால் இழுவிசை 4 மடங்காகும். எனவே காற்று வலுக்க வலுக்கச் சிறிய பட்டம் போதும். மீட்புப் படகு எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.