நான்கு ரிவர்ஸ், ஒரே ஒரு ஃபார்வர்ட்

என்னிடம் 1965 மாடல் வோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்று இருக்கிறது. அதற்கு வேறொரு கியர்பாக்ஸ் மாட்டினேன். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டேன். சக்கரங்கள் சுழன்றன. ஆனால் பின்னோக்கி! இரண்டாவது கியர் போட்டேன், இன்னும் வேகமாகப் பின்னோக்கி. ரிவர்ஸ் போட்டால் அழகாக முன்னோக்கிச் சுற்றுகிறது. ஆக, என் வண்டிக்கு இப்போது நான்கு ரிவர்ஸ், ஒரு ஃபார்வர்ட். இரண்டு வார இறுதி உழைப்பும் ஒரு நல்ல தொகையும் போயே போச்சு என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் இப்படி ஆனது என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், எதற்கு மாற்றினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் இருப்பது 34 குதிரைத்திறன் கொண்ட 1200 இன்ஜின். அதன் டாப் கியர் விகிதம் 0.89. கிரவுன்-பினியன் விகிதம் 4.375. இரண்டையும் பெருக்கினால் 3.89. அதாவது, டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 3.89 சுற்று சுற்ற வேண்டும். இந்த டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் போகும். கணக்குப் போட்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,240 சுற்று ஓடுகிறது. நெடுஞ்சாலையில் காது அடைத்துவிடும்.

அறுபதுகளில் வந்த 1500 இன்ஜின் வோக்ஸ்வாகன் பஸ்ஸின் கியர்பாக்ஸில் டாப் கியர் 0.82, கிரவுன்-பினியன் 4.125. பெருக்கினால் 3.38. அதே வேகத்துக்கு 2,820 சுற்று போதும்! விற்றவரும் "பழைய வோக்ஸ்வாகன் எதுக்கும் போல்ட் அப்படியே உட்காரும்" என்றார். அதில் பொய்யில்லை. போல்ட் உட்கார்ந்தது. பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது.

பீட்டிலில் இன்ஜின் பின்னால் இருக்கிறது. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள். அம்பாசடர் மாதிரி வண்டிகளில் கியர்பாக்ஸ் முன்னால், டிஃபரன்ஷியல் பின்னால், நடுவே ஒரு நீண்ட ஷாஃப்ட். அங்கே ஒன்றை மாற்றினால் மற்றது அப்படியே இருக்கும். இங்கே கியர்பாக்ஸை மாற்றுவது என்றாலே பின் ஆக்ஸிலின் பாதியை மாற்றுவதுதான்.

இனி அந்தப் பஸ்ஸின் விஷயம். பஸ் கனமானது, இன்ஜினோ சிறியது. அதனால் 1967 வரை வந்த பஸ்களில், ஒவ்வொரு பின்சக்கரத்தின் அருகிலும் ரிடக்‌ஷன் பாக்ஸ் என்று தனியாக ஒரு ஜோடிப் பல்சக்கரம் வைத்தார்கள். என்னுடையது வந்த பஸ்ஸில் அதன் விகிதம் 1.26. இழுவை கூடியது, தரையிலிருந்து வண்டியின் உயரமும் கூடியது. ஆனால் இரண்டு பல்சக்கரங்கள் கடித்துச் சுற்றும்போது ஒன்று வலமாகப் போனால் மற்றது இடமாகத்தான் போகும். அதாவது, சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் திசை ஒருமுறை மாறிவிடுகிறது. அதை ஈடுகட்ட, தொழிற்சாலையிலேயே கிரவுன் வீலைப் பினியனின் எதிர்ப்பக்கத்தில் வைத்துவிட்டார்கள். சுழலும் பென்சிலின் இடப்பக்கம் ஒரு சக்கரத்தைத் தொடவைத்தால் ஒரு திசை, வலப்பக்கம் தொடவைத்தால் எதிர்த்திசை. அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்? ரிடக்‌ஷன் பாக்ஸை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, பீட்டிலின் ஆக்ஸிலை மாட்டினேன். ஈடுகட்ட வேண்டிய பொருள் போய்விட்டது, ஈடுகட்டியது மட்டும் உள்ளே இருக்கிறது.

இதற்குத் தீர்வு உண்டு. டிஃபரன்ஷியலை வெளியே எடுத்து, கிரவுன் வீல் மறுபக்கம் வரும்படி திருப்பி வைக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பினியனுக்கும் கிரவுன் வீலுக்கும் இடையே விடும் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஷிம் மாற்றி மாற்றி அளக்க வேண்டும். கூடினால் சத்தம், குறைந்தால் பல் தேயும். இந்த இரண்டும் ஜோடியாகவே செய்யப்பட்டவை என்பதால் ஒன்றை மட்டும் வேறு பெட்டியிலிருந்து எடுத்துப் போடவும் முடியாது. நான் இதில் கை வைக்கவில்லை, தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்தேன்.

வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

ஆக்ஸில் வகை. பழைய பீட்டிலில் ஒரு குழாய்க்குள் ஆக்ஸில் இருக்கும், குழாயோடு சேர்ந்து சக்கரம் ஊஞ்சல் போல ஏறி இறங்கும். 1969 மாடலில் இருந்து அமெரிக்காவுக்குப் போன பீட்டில்களில் பக்கத்துக்கு இரண்டு சிவி ஜாயின்ட் வைத்த புதிய அமைப்பு. அந்தக் கியர்பாக்ஸை என் வண்டியில் வைக்க வேண்டுமானால் சேசிஸில் பிராக்கெட்டுகளை வெல்டு செய்ய வேண்டும். பழைய வகையிலேயே 1967இல் ஆக்ஸில் நீளம் கூடியது. குழாயும் ஷாஃப்டும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும்.

கிளட்ச் பக்கம். 6 வோல்ட் பீட்டிலின் ஃப்ளைவீலில் 109 பல், 12 வோல்ட்டில் 130 பல். பெரிய ஃப்ளைவீல் பழைய கூட்டுக்குள் உரசும். ஸ்டார்ட்டர் ஷாஃப்டின் தடிமனும் வேறு என்பதால் கூட்டில் உள்ள புஷ்ஷும் மாறும்.

ஒரு நிம்மதி: பீட்டிலில் ஸ்பீடோமீட்டர் கேபிள் இடது முன்சக்கரத்திலிருந்து வருகிறது. விகிதம் மாறினாலும் முள் பொய் சொல்லாது. கியர்பாக்ஸிலிருந்து கேபிள் வரும் வண்டிகளில் அதையும் சரிபார்க்க வேண்டும்.

இதையெல்லாம் காசு கொடுக்குமுன் கையாலேயே சோதிக்கலாம் என்பதுதான் எனக்கு உறைத்தது. கியர்பாக்ஸை வண்டியில் இருப்பதுபோல் வைத்து, இன்ஜின் பக்கம் நின்று, முதல் கியரில் இன்புட் ஷாஃப்டைக் கடிகார திசையில் திருப்புங்கள். ஆக்ஸிலின் மேல்பக்கம் உங்களை விட்டு விலகிப் போனால் பீட்டிலுக்குச் சரி. உங்களை நோக்கி வந்தால் அது பஸ்ஸின் பெட்டி. விகிதம் தெரிய வேண்டுமா? டாப் கியரில் ஒரு பக்க ஆக்ஸிலை அசையாமல் பிடித்து, மறுபக்கத்தை 20 முறை சுற்றுங்கள். கிரவுன் வீல் 10 முறை சுற்றும். இன்புட் ஷாஃப்ட் ஏறத்தாழ 39 முறை சுற்றினால் என் பழைய கியர்பாக்ஸ், 34 முறை என்றால் இந்தப் பஸ் கியர்பாக்ஸ்.

இரண்டு நிமிட வேலை. நான் செய்யவில்லை.

இப்போது வண்டி ஓடுகிறது, முன்னோக்கித்தான். சமவெளியில் சத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மேடு வந்தால் 34 குதிரைத்திறனால் அந்த டாப் கியரை இழுக்க முடியவில்லை, உடனே மூன்றாவதுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. கணக்கில் மிச்சமான 420 சுற்றுக்கு மேட்டில் விலை கொடுக்கிறேன். அடுத்தது இன்ஜினையும் மாற்ற வேண்டுமோ என்று யோசிக்கத் தொடங்கியிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.