ஒரு தகரத் துண்டு கற்பிக்கும் பாடம்

மாணவர்களே, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு இச்சோதனையைச் செய்து பாருங்கள்.

தட்டு ஒன்றில் சிறிதளவு நீர் ஊற்றி, நடுவில் சிறு மெழுகுவர்த்தியை நிறுத்தி ஏற்றுங்கள். மண்ணெண்ணெய் விளக்கின் நீண்ட கண்ணாடிச் சிம்னியால் அதை மூடுங்கள். சிம்னியின் அடிவாய் நீரில் அமிழ்ந்திருப்பதால் கீழிருந்து காற்று புகாது. மேல்வாய் மட்டும் திறந்திருக்கும்.

சுடர் சிறுத்து, மங்கி, சற்று நேரத்தில் அணைந்துவிடுகிறது. மேல்வாய் திறந்துதானே இருக்கிறது? பிறகு ஏன் அணைந்தது?

வெப்பமுற்ற காற்று விரிவதால் அதன் அடர்த்தி குறைகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம், 100 டிகிரியில் ஏறத்தாழ 0.95 கிலோகிராம்தான். சுற்றியுள்ள கனத்த காற்று, இலேசான இக்காற்றை மேலே தள்ளுகிறது. இதுவே இயற்கை வெப்பச்சலனம்.

சிம்னிக்குள் சுடரின் மேலே வெப்பக் காற்று தூண்போல எழுகிறது. வெளிக்காற்றும் அதே குறுகிய வாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். ஏறுவதும் இறங்குவதும் மோதிக் கலந்துவிடுகின்றன. சுடருக்குப் போதிய புதுக் காற்று கிட்டுவதில்லை.

இப்போது மெல்லிய தகரத்தை 'டி' வடிவில் வெட்டுங்கள். மெழுகுவர்த்தியை மீண்டும் ஏற்றி, சிம்னியால் மூடி, தகரத்தின் கால் உள்ளே தொங்குமாறு வாயில் மாட்டுங்கள். வாய் இரண்டாகப் பிரிகிறது. சுடர் அணையாமல் எரிகிறது! ஊதுவத்திப் புகையை வாயருகே காட்டினால், அது ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் ஏறுவதைக் காணலாம்.

இந்தத் தத்துவத்தை நம்பி மனிதர் வாழ்ந்ததும் உண்டு. மின்விசிறிகள் வருமுன், நிலக்கரிச் சுரங்கங்களின் அடியில் உலை மூட்டிக் காற்றோட்டம் உண்டாக்கினர். வெப்பக் காற்று ஒரு வழியே ஏற, புதுக் காற்று மறுவழியே இறங்கியது. இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்திற்கோ ஒரே ஒரு கிணறுதான். மரப்பலகைத் தடுப்பு ஒன்று அதை இரண்டாகப் பிரித்திருந்தது, நம் தகரத் துண்டைப் போல.

1862 ஜனவரி 16 அன்று, நீரிறைக்கும் எந்திரத்தின் மாபெரும் இரும்பு உத்தரம் முறிந்து கிணற்றில் விழுந்தது. தடுப்பு நொறுங்கியது, கிணறு அடைபட்டது. 204 பேர் மாண்டனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது விழுந்த இரும்பு அன்று, நச்சு வாயு. அதே ஆண்டில், நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இரண்டு வழிகள் வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது.

இன்று மாலை உங்கள் வீட்டுச் சமையலறையைப் பாருங்கள். அடுப்பு அங்கே ஓரிடத்தில்தான் எரிகிறது. ஆனால் வெப்பமும் புகையும் கூரையடியில் பரவித் தேங்குகின்றன. அவை வெளியேற உயரத்தில் ஒரு திறப்பு இருக்கிறதா? புதுக் காற்று நுழையத் தாழ்வாக மற்றொன்று இருக்கிறதா? இரண்டில் ஒன்று அடைபட்டிருந்தால், இன்றே திறந்து வையுங்கள்.