திசையை விடாத சக்கரம்

சைக்கிள் சக்கரம் ஒன்றைக் கழற்றி, அதன் அச்சின் ஒரு முனையை மட்டும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். சக்கரம் சரிந்து தொங்கும். இப்போது அச்சைக் கிடைமட்டமாகப் பிடித்துச் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டுக் கையை எடுங்கள். மறுமுனைக்குப் பிடிமானமே இல்லை. ஆனாலும் சக்கரம் விழாது. அந்தரத்தில் நின்றபடி கயிற்றை மெல்லச் சுற்றி வரும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி!

புவியீர்ப்பு அங்கேயும் இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் சுழலும் சக்கரத்துக்குக் கோண உந்தம் உண்டு. அதன் திசை அச்சின் வழியே அமைந்தது. ஈர்ப்பு தரும் திருப்புவிசை அந்த உந்தத்தோடு பக்கவாட்டில் போய்ச் சேர்கிறது. கீழே சாய வேண்டிய அச்சு, அதனால் பக்கவாட்டில் திரும்புகிறது. பம்பரம் தலையாட்டியபடியே நிற்பதும் இப்படித்தான். சுழற்சி வேகம் கூடக்கூட, அச்சைத் திருப்புவது கடினமாகும்.

பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ 1852இல் இதைக் கருவியாக்கினார். வளையங்களுக்குள் வளையமாகச் சக்கரத்தைப் பொருத்தினால், வெளிச்சட்டம் எப்படித் திரும்பினாலும் அச்சு தன் திசையிலேயே நிற்கும். பூமி சுழல்வதை அறைக்குள்ளேயே காட்ட அவர் செய்த அக்கருவிக்குக் கைரோஸ்கோப் என்று பெயரிட்டவரும் அவரே. காந்தத் திசைகாட்டி தடுமாறும் இரும்புக் கப்பல்களுக்கும், பிறகு விமானங்களுக்கும் அது வழிகாட்டியது.

அதன் அருமை தெரிய ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பார்க்க வேண்டும். 1990இல் ஏவப்பட்ட அதில் ஆறு கைரோஸ்கோப்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 19,200 முறை சுற்றும். சக்கரம் இருக்கும் சிறு உருளை, இன்ஜின் ஆயில்போலக் கெட்டியான திரவத்தில் மிதக்கும். தொலைநோக்கி சற்றே திரும்பினாலும் உருளை நகரப் பார்க்கும். மின்சுற்று அதை உணர்ந்து, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்லிவிடும்.

அந்தச் சக்கரத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகள் தலைமுடி அளவே மெல்லியவை. திரவத்தை உள்ளே செலுத்த அழுத்தக் காற்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். காற்றிலிருந்த ஆக்ஸிஜனால் கம்பிகள் மெல்ல அரிக்கப்பட்டு அறுந்தன. 1999 நவம்பர் 13இல் நான்காவது கைரோவும் நின்றது. அப்போது ஆய்வுக்குக் குறைந்தது மூன்று தேவைப்பட்டன, எஞ்சியவை இரண்டுதான். தொலைநோக்கி வேலையை நிறுத்திவிட்டது. டிசம்பரில் டிஸ்கவரி விண்ணோடத்தில் சென்ற வீரர்கள் ஆறையும் மாற்றினார்கள். பின்னாளில் தயாரித்தவற்றில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன். ஒரு வாயுவை மாற்றியதுதான் தீர்வு. ஆனால் பழுதின் மூலத்தைத் துருவித் தேடிக் கண்டவர்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது.

2009இல் மீண்டும் ஆறு மாற்றப்பட்டன. விண்ணோடங்கள் 2011இல் ஓய்வுபெற்றுவிட்டதால், அதன் பிறகு பழுதானவற்றை மாற்ற முடியவில்லை. 2024 ஜூனில் நாசா பொறியாளர்கள், எஞ்சி இயங்கிய இரண்டு கைரோக்களில் ஒன்றைக் கையிருப்பில் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் கொண்டு ஹப்பிளை இயக்கத் தொடங்கினார்கள். குறைந்ததை விண்மீன்களையும் சூரியனையும் பூமியின் காந்தப்புலத்தையும் உணரும் கருவிகள் ஈடுசெய்கின்றன. ஓர் இலக்கிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பிக் குறிபிடிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. செவ்வாயைவிட நமக்கு அருகில் நகரும் பொருள்களைப் பின்தொடர முடிவதில்லை.