ஒரு ரிக், இரண்டு நாணயம்: பிரித்தால் லாபமா?

மைனிங் ரிக்கில் கிராபிக்ஸ் கார்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தனியே போடுகிறது. மதர்போர்டோடு பரிமாறும் தரவும் சொற்பம். அதனால்தான் மெல்லிய ரைசர் கேபிளே போதுகிறது. மென்பொருளை இருமுறை இயக்கி, 0, 1, 2 எண் கார்டுகளை ஒரு நாணயத்துக்கும் மீதியை இன்னொன்றுக்கும் ஒதுக்கினால் வேலை முடிந்தது. ஆனால் கார்டெல்லாம் ஒரே ரகமென்றால் வருமானம் கூடாது: ஒன்றுக்கு லாபமானதே எல்லாவற்றுக்கும் லாபம். ரகம் கலந்தால்தான் கதை மாறும். 2020 டிசம்பர் வாக்கில் ஈத்தரியம் தோண்டக் கார்டின் நினைவகத்தில் ஏற்ற வேண்டிய டாக் (DAG) கோப்பு 4 ஜிபி கார்டுகளுக்குள் அடங்காமல் போனது. அதற்குச் சற்று முன்பே கோப்பைச் சுருக்கியிருந்த ஈத்தரியம் கிளாசிக் அவற்றுக்குப் புகலிடமானது. பெரிய கார்டுகள் ஈத்தரியத்திலேயே நின்றன, 2022 செப்டம்பரில் அது மைனிங்கையே கைவிடும்வரை.

விலைச் சரிவுக்குக் காப்பாகப் பிரிக்கலாமே என்பார்கள். தோண்டியதை விற்று வேறு நாணயம் வாங்கினாலும் அதே காப்புதான் என்று பதில் சொல்லலாம். இந்தியாவில் அந்தப் பதில் முழுதாக எடுபடாது. 2022 ஏப்ரல் முதல் அப்படி மாற்றுவதில் வரும் லாபத்துக்கும் 30 சதவீத வரி உண்டு. இந்த அளவுக்குப் பிரிப்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கரண்டு பில்லோ எந்த நாணயமானாலும் வரத்தான் செய்யும். 1,000 வாட் ரிக் மாதம் 720 யூனிட் இழுக்கும். யூனிட் ஏற ஏறக் கட்டணமும் ஏறும் ஆந்திரத்தில், குடிபாலா போன்ற ஊரின் வீட்டு இணைப்பை அது மேல் அடுக்குக்குத் தள்ளிவிடும். மைனிங் கட்டமைப்புச் செலவை அந்த 30 சதவீத வரிக்கணக்கில் கழிக்கவும் முடியாது.