எரிசாராயமும் மகிழுந்தும்

இந்தியாவில் இன்று மகிழுந்தில் நிரப்பப்படும் ஒவ்வொரு 5 லிட்டர் பெட்ரோலிலும் ஏறத்தாழ 1 லிட்டர் எத்தனால் ஆகும். கரும்பாலைக் கழிவுப்பாகு, கரும்புச்சாறு, மக்காச்சோளம், உடைந்த அரிசி முதலியவற்றை நொதிக்கச் செய்து, வடித்து, நீர் நீக்கி இதனைப் பெறுகின்றனர். எரிசாராயம் என்னும் தமிழ்ப்பெயர் இதற்கு நன்கு பொருந்துகிறது. 2003இல் சில மாநிலங்களில் 5 விழுக்காடாகத் தொடங்கிய இக்கலப்பு, 2022இல் 10 விழுக்காட்டையும் 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. 20 விழுக்காட்டிற்கு முதலில் குறிக்கப்பட்டிருந்த ஆண்டோ 2030. நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல் இறக்குமதியால் நிறைவேறுவதே இவ்விரைவிற்குக் காரணம்.

எத்தனால் மூலக்கூறில் ஓர் ஆக்சிசன் அணு உண்டு. அது எரிபொருள் முழுமையாக எரியத் துணைசெய்வதால் கார்பன் மோனாக்சைடு குறைகிறது. ஆக்டேன் எண் மிகுதியாதலால் எந்திரத்தில் தட்டலும் குறைகிறது. ஆயினும், அந்த ஆக்சிசனே அதன் குறையுமாகும். எத்தனாலைச் சற்றே எரிந்துவிட்ட விறகுக்கு ஒப்பிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கையே அது தருகிறது. எனவே, தூய பெட்ரோலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் மகிழுந்து, 20 விழுக்காட்டுக் கலப்பில் ஏறத்தாழ 14 கிலோமீட்டரே ஓடும் எனக் கணக்கிடலாம். இறக்குமதிச் செலவு குறைவது நாட்டிற்கு; குறைந்த ஒரு கிலோமீட்டர் வண்டி உரிமையாளருக்கு.

எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நெடுநாள் ஓடாது நிற்கும் வண்டியில் ஈரம் மிகுந்தால், அது நீருடன் சேர்ந்து கலனின் அடியில் தங்கிவிடும். இக்கலப்பைக் கருதாமல் செய்யப்பட்ட பழைய வண்டிகளில் ரப்பர் வளையங்களும் குழாய்களும் நாளடைவில் பழுதுபடக்கூடும். 2023 ஏப்ரல் முதல் இதனைத் தாங்கும் பொருள்களாலான வண்டிகள் வரத்தொடங்கின. அதற்குமுன் வாங்கியோரே இன்று கவலையுறுகின்றனர். அக்கவலையைப் புறந்தள்ளுதல் முறையன்று.

வயலிலும் விலை உண்டு. கரும்பு மிகுநீர் வேண்டும் பயிர். மக்காச்சோளமோ நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனமும் ஆகும்.

1975இலேயே எத்தனால் திட்டத்தைத் தொடங்கிய பிரேசில், 2003 முதல் எவ்விகிதக் கலப்பையும் ஏற்கும் மகிழுந்துகளைச் சாலையில் ஓடவிட்டது. அங்குள்ள எரிபொருள் நிலையங்களில் எத்தனால் தனியாகவும், எத்தனால் கலந்த பெட்ரோல் தனியாகவும் வெவ்வேறு விலையில் கிடைக்கும். எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டிற்குக் கீழிருந்தால் எத்தனால், மேலிருந்தால் பெட்ரோல். வண்டியை நிறுத்தியதும் ஓட்டுநர் மனத்துள் போடும் கணக்கு அது.